பல் கட்டுகிறவன் வார்த்த மான்

பகலில் எனக்குப் பற்களே தொழில்.
தபாற்கந்தோர் வீதியில், மருந்துக்கடைக்கு மேல்,
மின்விசிறி மனமில்லாமல் சுழலும் அறையில்
ஊராரின் கடைவாய்ப் பற்களை
மெழுகில் செதுக்கி, சாந்தில் புதைத்து,
மெழுகை எரித்து அனுப்பிவிட்டு
அது இருந்த இடத்தில் உலோகம் ஊற்றுவேன்.
திருகோணமலையில் யார்
எந்தப் பக்கத்தால் மெல்லுகிறார் என்பது
என்னைப்போல் எவருக்கும் தெரியாது.

நேசமலர் ஈச்சிலம்பற்றிலிருந்து வந்தாள்.
இரண்டு பல்லுக்கு விலை கேட்டாள்.
கேட்டபின் சற்று நேரம் தெருவைப் பார்த்தாள்.
பையிலிருந்து ஒரு கட்டி தேன்மெழுகை எடுத்து
மேசையில் வைத்தாள்.
ஒரு தேனீயின் ஒற்றைச் சிறகு அதில் ஒட்டியிருந்தது.
"காசு பாதி, இது பாதி."

என் மெழுகு பச்சை. பெட்டியில் வரும். மணமில்லை.
அவளுடையதோ அறையைப் பிடித்துக்கொண்டது
பாலைப்பூவும் புகையுமாய்.
அச்சு இறுகும்வரை இருக்கச் சொன்னேன்.
சும்மா இருக்கத் தெரியாத கை அவளுக்கு.
நான் திரும்பியபோது
பற்களுக்கு நடுவே ஒரு மான் நின்றது.

காட்டு மான் அல்ல.
இரவில் பஸ் நிலையத்தடியில் நிற்குமே, நம்மூர் மான்,
வாயில் யாரோ தின்று எறிந்த பார்சலின் லஞ்ச் சீட்.
வலக்கொம்பில் ஒரு கிளை முறிந்திருந்தது.
அந்த மானை எனக்குத் தெரியும்.

பல்லுக்கான வளையத்தில் அது கொள்ளவில்லை.
புற்றுமண், உமி, சாணம் அவள் பொறுப்பு.
பித்தளை கிண்ணியா ஜவாதின் தராசிலிருந்து:
குழாய்த் தலைகள், ஒரு கப்பல் யன்னலின் வளையம்,
எங்கே பொறுக்கியதென்று
அவனும் சொல்லாத, நானும் கேட்காத
சில வெற்றுக் கோதுகள்.
கொல்லையில் கரி மூட்டினோம்.
ஊதுவதற்கு என் மனைவியின் முடி உலர்த்தி.
(அது அன்றோடு போனது. அந்தக் கதை வேறு.)

மண்ணை உடைத்தோம்.
மான் இருந்தது, மூன்றரைக் காலோடு.
உள்ளே காற்று சிக்கினால் அப்படித்தான்,
உலோகம் வழியில் தயங்கி அங்கேயே உறைந்துவிடும்.
நான் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னேன்:
இந்த மண்ணில் எது முழுசாய் வந்தது,
இதுவும் ஒரு அழகு, இப்படியே இருக்கட்டும்.

நேசமலர் புதுப் பல்லால் உதட்டைக் கடித்தாள்.
"நான் நாலு காலெல்லோ வைச்சனான்?
உருக்குங்கோ."

மெழுகு போனது போனதுதான். அந்த மான் இனி இல்லை.
குந்தியிருந்து வேறொன்று பிடித்தாள்.
இம்முறை காதுகள் பின்னே மடிந்திருந்தன,
மோட்டார் சைக்கிள் ஒன்று வருவதுபோல.
நான் ஒவ்வொரு குளம்பிலிருந்தும்
மெழுகு நூல் ஒன்றை இழுத்து வெளியே விட்டேன்,
காற்றுக்கும் ஒரு வாசல் வேண்டுமே.

உப்புவெளி ஹோட்டல்காரர் கையில் எடுத்து
எடை பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.
பழங்குடிச் சிலையென்று அட்டை வைக்கலாம்.
வாயில் இருப்பதை மட்டும் அராவி இலையாக்குங்கள்.
எத்தனை தலைமுறையாய்ச் செய்கிறீர்கள்?

"போன வியாழக்கிழமையிலிருந்து," என்றாள் நேசமலர்.
"எங்கட ஆக்களுக்குத் தேன் தெரியும், மீன் தெரியும்.
பித்தளை இப்பதான் நான் தொட்டது.
அது இலையில்லை, லஞ்ச் சீட்."

விலை படியவில்லை.
வெருகல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.
மீதி மெழுகு இன்னும் என் இழுப்பறையில்,
பச்சைப் பெட்டிக்குள் மணம் ஏறிவிட்டது.
மூதூர் ஆசிரியர் ஒருவர் போனகிழமை
தன் கடைவாய்ப்பல் தேன் வாசம் அடிக்கிறதென்றார்.

நேற்று இரவு மீன்சந்தையடியில் அதைக் கண்டேன்,
முறிந்த கொம்பு, பின்னே மடிந்த காது.
மோட்டார் சைக்கிளை அணைத்தேன்.
அது ஓடவில்லை.
என்னைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது,
இடப்பக்கத்தால்.