நூத்தி இருபத்தேழு

விளையாட்டு வாத்தியாருக்கு மேடையில் என்ன வேலை?
மணி அடிக்கிற வேலை.
நூறு மீட்டருக்கு வைத்திருக்கிற அதே ஸ்டாப்வாட்ச்,
இரண்டாவது நிமிடத்தில் ஒரு முறை,
மூன்றில் இரண்டு முறை.
அதற்கு மேல் பேசினால் மதிப்பெண் கழியும்.

உசிலம்பட்டி. சனிக்கிழமை.
வட்டார அளவிலான பேச்சுப் போட்டி.
தலைப்பு, மரங்களைக் காப்போம்.

முதலில் வந்த ஜெபக்கனி
"அவைக்கு என் முத்தான வணக்கம்" என்றாள்.
அடுத்து வந்த விருமாண்டியும் முத்தோடுதான் வந்தான்.
மூன்றாவது பையன் வாயைத் திறந்ததும்
கடைசி வரிசைப் பிள்ளைகள் கூடவே சொன்னார்கள்.
பஸ் ஸ்டாண்ட் கடையில் நாற்பது ரூபாய்க்கு விற்கிற
ஒரே புத்தகம், ஒரே பதினேழாம் பக்கம்.
நடுவர்கள் மூவரும்
சத்தம் வராமல் மிக்சர் மெல்லப் பழகியிருந்தார்கள்.
கைகள்தான் ஆளுக்கு ஆள் வேறு.
'வானுயர' என்கிற இடத்தில்
ஒருத்தி வலது கையை, ஒருத்தன் இடது கையை;
ஒரு பொடியன் இரண்டையும் தூக்கியதில்
சட்டைப் பட்டன் தெறித்து மைக்கில் பட்டு
டொக் என்றது.
அன்றைக்கு முதல் கைதட்டல் அதற்குத்தான்.

கடைசி எண் பதினொன்று.
"அடுத்துப் பேச்சி பேசுவார்" என்ற தமிழய்யாவுக்கு
சொன்ன பிறகே சிரிப்பு வந்தது. கூடமும் சிரித்தது.
பேச்சியம்மாள், ஏழாம் வகுப்பு,
செல்லம்பட்டி தாண்டி ஏதோ ஒரு பள்ளிக்கூடம்.
மைக் அவள் நெற்றிக்கு நேரே நின்றது.
யாரும் இறக்கிவிடவில்லை. நானும்தான்.

"அவைக்கு என் முத்தான" என்றவள் நின்றுவிட்டாள்.
பத்துப் பேர் எச்சில் பட்ட முத்து.
நாற்பது நொடி சும்மா நின்றாள்.
என் மைதானத்தில் அதற்குள் ஒருவன்
நூறு மீட்டர் ஓடித் தண்ணீரும் குடித்திருப்பான்.

பிறகு, சண்டைக்கு வந்தவள் மாதிரி:

"தேனி ரோட்டுல புளியமரம் இருந்துச்சு.
எங்கப்பா ஏலத்துல எடுப்பாரு.
மரத்துக்கு மரம் நம்பர் போட்டிருப்பாக.
எங்களுக்கு நூத்திப் பதினாலுல இருந்து நூத்தி நாப்பது.
உலுப்புனா நடுரோட்டுல விழும்,
லாரி ஏறுறதுக்குள்ள பொறுக்கணும்.
நான் தள்ளி நின்டு செவப்புத்துணி காட்டுவேன்,
எங்கம்மா சேலையில கிழிச்சது.
ஒரு டிரைவர் மட்டும் நிப்பாட்டி
ஒரு கை புளி வாங்கிட்டுத்தான் போவாரு.
கொட்டை எடுத்து எடுத்துக் கையெல்லாம் புண்ணு,
சோறு பெசஞ்சா எரியும்.
அதுனால எனக்கு மரம் பிடிக்காது."

ஒரு நடுவர் பேனாவை மூடி வைத்தார்.
ஒருவர் மிக்சரை.

"ரோட்ட அகலமாக்கணும்ண்டு மிசினு வந்துச்சு.
ஒரு நாளைக்கு எட்டு மரம்.
எல்லாத்தையும் சாச்சுப்புட்டாக.
நூத்தி இருபத்தேழு மட்டும்"

இரண்டு முறை அடித்தேன்.
நான் அடிக்கவில்லை, கை அடித்தது,
இருபத்தாறு வருடக் கை.
அவள் நன்றி வணக்கம் சொல்லி இறங்கிவிட்டாள்.

முதல் பரிசு ஜெபக்கனிக்கு.
பட்டன் தெறித்தவனுக்கு ஆறுதல் பரிசு.
பேச்சிக்குச் சான்றிதழ், அதிலும்
பேச்சிமுத்து என்று எழுதி மாணவன் ஆக்கியிருந்தார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.
சான்றிதழைச் சுருட்டி ஊதிக்கொண்டிருந்தாள்.
"நூத்தி இருபத்தேழு என்னாச்சு?"
"எது சார்?"
"மரம்."
"அதுவா? நல்லவேளை மணி அடிச்சீங்க சார்.
அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல.
சும்மா மட்டும்ண்டு வாயில வந்துருச்சு,
எப்படி முடிக்கிறதுன்டு முழிச்சுக்கிட்டிருந்தேன்."
அதற்குள் பஸ் நகர, ஓடினாள்.
நல்ல ஓட்டம். முழங்கால் நன்றாக ஏறுகிறது.
பழக்கினால் பதினான்கு நொடிக்குள் வருவாள்.

என் பஸ் தேனிப் பக்கம்.
ஜன்னலுக்கு வெளியே ரோடு
குறுக்கே ஒரு நிழல் விழாமல் போய்க்கொண்டே இருந்தது.
கண்டக்டர் வந்து எங்கே என்றார்.
நூத்தி இருபத்தேழு என்றேன்.
"அப்படி ஒரு ஸ்டாப்பிங் இல்ல சார்."
ஆண்டிபட்டி ஒண்ணு என்று திருத்தினேன்.
சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று
டிக்கெட்டின் பின்னால் ஏதோ ஓர் எண்ணைக் கிறுக்கிக் கொடுத்தார்.