தகவலாளர் ஏழு

கூத்தங்குழிக்குத் தெற்கே
ஒன்றரை மணி நேர ஓட்டத்தில்
ரெமிஜியுஸ் இஞ்சினை அமர்த்தினான்.
'பாரு' என்றான்.
தண்ணீரைப் பார்த்தேன்.
'அங்க இல்ல. கரையப் பாரு.'

அணு உலையின் இரண்டாவது குமிழ்
மகேந்திரகிரியின் மூக்கில் போய் ஒட்டும்போது
ஒரு கோடு.
கோயில் கோபுரத்துச் சிலுவை
மூன்றாவது காற்றாடியின் தண்டை மறைக்கும்போது
இன்னொன்று.
இரண்டும் வெட்டும் இடத்தில்
பதினாறு பாகத்துக்குக் கீழே
கலவாய் ஒதுங்கும் பார்.

கணிச்சம் என்கிறார்கள் இதை.
முன்பு குமிழின் இடத்தில் ஒற்றைப் பனை நின்றதாம்.
பனை விழுந்த வாரமே
வேறொன்றை வைத்துக்கொண்டார்கள்.
உலை வேண்டாமென்று மணலில் கிடந்த வருடத்திலும்
அதை வைத்துத்தான் வலை இறக்கினார்கள்.

என் கைக்கருவி
எட்டு இலக்கத்தில் அதே இடத்தைக் காட்டியது.
'சரியா இருக்கு' என்றேன்,
விடைத்தாளில் டிக் போடுகிற வாத்தியார்போல.
'எது?' என்றான். 'ஒம் மிசினா?'

மொத்தம் பதினேழு.
ஐந்துக்குக் கூட்டிப் போனான்.
மீதியை வலை கட்டியபடியே
கரையிலிருந்து சொன்னார்கள்:
சண்டைப் பார், ஊமையன் பார், மாமியார் பார்,
முதலில் கண்டது யாரென்று நாலு வீடு அடித்துக்கொள்வதால்
இன்னும் பெயர் விழாத ஒன்று.

அபிஷேகப்பட்டியில் என் வழிகாட்டி
இயலின் தலைப்பை
'உள்ளூர் நம்பிக்கைகள்' என்று திருத்தினார்.
நம்பிக்கையில் மாட்டி வலை கிழியாது, சார்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
வள்ளியூர் தாண்டியபின்
பேருந்து ஜன்னலிடம் சொன்னேன்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
'எம் பேரு எங்க வரும்?' என்றான் ரெமிஜியுஸ்.
வராது. நெறிமுறை. நீங்க தகவலாளர் ஏழு.
அவன் கடைசிப் பக்கங்களைப் புரட்டி
மேற்கோள் பட்டியலில் விரல் வைத்தான்.
'செத்தவனுக்கெல்லாம் முழுப்பேரு போட்டிருக்கு.'

ஏலம் நடக்கிற இடத்தில் அவன் மனைவி ஜொவீற்றாள்
ஒரு விளமீனின் செவுளை விரித்துப் பார்த்து
'ஊமையன் பாரு' என்றாள்.
படகு எங்கே போனதென்று
அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
படிவங்கள் தீர்ந்துபோயிருந்தன.
அவள் தகவலாளர்கூட இல்லை.

சமர்ப்பிக்க ஒன்பது நாள்.
இரவு பதினோரு மணிக்குப் போன்.
'காரணம் சொல்லாம எப்ப வேணா விலகிக்கிடலாம்னு
தாள்ல எழுதியிருக்கே?'
விலகுறீங்களா?
'நான் விலகல.
பதினாலாவது பாரு விலகுது.'

காரணம் கேட்கக்கூடாது, கேட்கவில்லை.
ஆனால் அன்றிரவு தூங்காமல் கிடந்து
என் வரைபடத்தைத் திரையில் ஏற்றிக்கொண்டு
எங்கிருந்தோ ஓர் இழுமடிப் படகு வருவதைப் பார்த்தேன்.
எட்டு இலக்கத்துக்கு ஊர் கிடையாது,
எவன் கையிலும் போய் உட்காரும்.
சிலுவையும் தண்டும்
இங்கே வந்து மிதக்கிறவனுக்குத்தான் ஒட்டும்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர்
வரைபடத்தின் வெள்ளையில் நகம் வைத்தார்.
'இங்கே?'
'அது விலகிக்கொண்டது' என்றேன்.
அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
தரவு முழுமையற்றது என்று எழுதிக்கொண்டார்.
பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

கட்டுப் போட்ட பிரதியை எடுத்துப் போனேன்.
ரெமிஜியுஸ் வரைபடத்தை மணலில் விரித்து
நாலு மூலைக்கும் ஈயக்குண்டு வைத்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
'சொன்னத அப்படியே போட்டிருக்க. நல்லாருக்கு.
ரெண்டு எடத்துல
நாங்க சொன்னதுதான் சரியில்ல.'
சிரித்தானா, காற்றுக்குக் கண்ணைச் சுருக்கினானா
தெரியவில்லை.

ஜொவீற்றாள் ஒரு மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.
திரும்புகிற பேருந்தில்
பக்கத்து இருக்கைக்காரர் இறங்கியதும்
செவுளை விரித்துப் பார்த்தேன்.

சிவப்பாக இருந்தது.