வா என்று முடியும் வாக்கியம்

காட்பாடி, ஓடைப்பிள்ளையார் கோயில் நிறுத்தம்,
டயர் கடைக்கு மேல் மாடி.
நைட் டூட்டி முடித்து, குளிக்காமல்,
ஸ்பிரிட் வாசனையோடு போய் உட்காருவேன்.
ஒன்பது நர்ஸுகள், ஒரு மின்விசிறி.
ஒசாகாவில் முதியோர் இல்லம்,
மாதம் லட்சத்து இருபதாயிரம் என்று
சுவரில் ஒட்டிய தாள்
விசிறிக் காற்றுக்கு ஒரு மூலை மட்டும் படபடக்கும்.

வெள்ளிக்கிழமை இலக்கணம் கிடையாது.
பிரதீபா மிஸ் ஸ்பீக்கரில் பாட்டு போடுவார்,
காது பழகட்டும் என்று.
எல்லாம் பழைய பாட்டு. எல்லாவற்றிலும் மழை.
துறைமுகம், கடைசி ரயில்,
மூடப்போகும் மதுக்கடையில் தனியாக ஒரு பெண்.
விட்டுப்போனவனுக்குச் சளி பிடிக்குமே என்று
அவளுக்குத்தான் கவலை.

"நாப்பத்திரண்டு டிகிரியில எங்க போய் நனையறது?"
என்றாள் சோளிங்கர் கற்பகவல்லி.
சிரித்தோம்.
பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லாத ஊரில்
கண்ணீரை வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.
அது ஒரு வசதி.

எழுதியது யார் என்று கேட்டேன்.
பெரும்பாலும் ஆண்கள், என்றார் மிஸ்.
சிலவற்றில் பாடுவதும் ஆண்தான்.
கழுத்து நரம்பு புடைக்க, கோட்டு போட்டுக்கொண்டு,
'நான்' வருகிற இடத்தில்
பெண்கள் சொல்லும் 'அத்தாஷி'யைச் சொல்கிறார்.
அங்கே யாரும் சிரிப்பதில்லை.

எங்கள் ஊர் வாசகம் ஞாபகம் வந்தது.
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை,
அழகில்லாத பெண்கள்.
அதையும் எவனோ ஒருவன்தான்
அகழி ஓரம் நின்று சொல்லியிருப்பான்.
சாமி எப்போதோ கோயிலுக்குத் திரும்பிவிட்டது.
கடைசி வரியை மட்டும்
யாரும் திருத்தவில்லை.

அந்தப் பெண்கள் வரிக்கு வரி
'வா' என்று முடிக்கிறார்கள்.
சமிஷீ வா.
தனியாய் இருக்கிறது, வா.
இல்லை இல்லை, என்றார் மிஸ்,
அது பெண்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அசை,
பொருள் கிடையாது.
நோட்டில் எழுதிக்கொண்டேன்: பொருள் கிடையாது.
காது எழுதிக்கொள்ளவில்லை.
மரியாதை இல்லாத, உரிமை உள்ள வா.

பயிற்சி பதினேழு.
பிரிந்து சென்ற ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம்.

தமிழில் என்றால் முதல் வினையிலேயே மாட்டிக்கொள்வேன்.
ஆன், ஆள்:
வாலில் கட்டிய மணி, தெருவுக்கே கேட்கும்.
ஆர் போட்டு மறைக்கலாம்தான்.
ஒரே தட்டில் பிரியாணி தின்றபின்
ஆர் எப்படி வரும் வாயில்?

ஜப்பான் வினைக்கு வால் இல்லை.
எழுதினேன்.
சிரித்தால் கன்னத்தில் குழி.
வேலை, ஐசியூவில்.
என் குடை இன்னும் அங்கே.
ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் வண்டி.
இத்தா.

ஐந்துக்கு ஐந்து.
ஓரத்தில் மிஸ் வரைந்த சிவப்புப் பூ.

இத்தா என்றால் அங்கே, போயிற்று.
எங்கள் மேல்விஷாரத்தில் வேறு.
சின்னம்மா நான்கு மாதம் பத்து நாள்
ஒரே அறையில் இருந்து எண்ணினாள்.
எண்ணி முடித்த மறுநாள்
பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனாள்.
எனக்கு யார் நாள் குறித்துத் தருவார்?
நிக்காஹ் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது,
வார்டில் எல்லோருக்கும் வந்த மாதிரியே.

நேற்று காட்பாடி நடைமேடையில்
சரக்கு வண்டி ஒன்று நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.
நாற்பது பெட்டி, ஐம்பது பெட்டி.
அந்த இரைச்சலுக்குள்
தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

போனாள்.

கடைசி எழுத்துக்கு நாக்கு மடிந்து மேலே போய்
இறங்க மனமில்லாமல் நின்றது.

அதற்குள் வண்டி முடிந்துவிட்டது.
சமோசாக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
ரெண்டு குடுங்க, என்றேன்,
பழக்கத்தில்.