ஆறப் பொறுத்தல்

நான் வருவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தான்.
அவன் சொல்லவில்லை, பூனை சொன்னது.
ட்ரெடிகர் ஊரே தூறலில் ஒடுங்கிக் கிடக்க
கொட்டகைக்குள் அது மட்டும்
பானெட்டின் மேல் மல்லாந்து கிடந்தது.

"காலையில் எடுத்தீர்களா?"
"இல்லையே" என்றான் இயெஸ்டின்.
கை வைத்துப் பார்த்தேன்.
காய்ச்சல்காரன் நெற்றி.

"சரி, ஆறட்டும். இருக்கிறேன்."

சிவப்பு. மூன்று கதவு. எழுபத்திரண்டாயிரம் மைல்.
ஓட்டுபவர் இருக்கையின் வலது விளிம்பு மட்டும்
நூல் தெரியத் தேய்ந்திருந்தது.
எத்தனை பேர் எத்தனை அவசரமாய் உள்ளே சரிந்திருப்பார்கள்!
சர்வீஸ் புத்தகத்தில் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை
ஒரு முத்திரையும் இல்லை.
"முந்தைய ஆள்" என்றான்.
எல்லா வண்டிக்கும் ஒரு முந்தைய ஆள் இருக்கிறான்.

அவன் சமையலறையில் தேநீர்.
கசாப்புக்கடை வேலை. தேய்த்துத் தேய்த்துக்
குழந்தைக் கைபோல் வெளுத்த கைகள்.
பேச எங்களுக்கு எதுவும் இல்லை.
ஆட்டுத் தொடையின் விலை கேட்டேன். சொன்னான்.
ஜன்னல் வழியே இருவரும் பூனையைப் பார்த்தோம்.

என் கைப்பையில் கெத்தின் எழுதிக் கொடுத்த தாள்:
டைமிங் செயின், ஆயிரத்து நூறு.
டர்போ போனால், தொள்ளாயிரம்.
இன்ஷூரன்ஸ். டயர் நான்கு.
கூட்டிய தொகையின் கீழே இரண்டு கோடு,
அதற்கும் கீழே
உனக்கு நாற்பத்தாறு வயது, மெரெரித்.
அதையும் செலவுக் கணக்கில்தான் சேர்த்திருந்தான்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதாம்.
நான் ஆக்கவும் பொறுத்தவள்தான்.
சம்பளத்திலிருந்து மாதம் ஐம்பது ஐம்பதாக, மூன்று வருடம்,
'கூரை' என்று பெயரிட்ட கணக்கில்.
எங்கள் கூரைக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்துப் பூனை எழுந்தது.
முதுகை வளைத்து, எங்களை ஒரு பார்வை பார்த்து,
பாய்லர் அறைப் பக்கம் போய்விட்டது.

"இப்போது" என்றேன்.

அவன் சாவியைத் திருப்பினான்.
தகர டப்பாவில் சில்லறையைப் போட்டு
யாரோ கோபமாய்க் குலுக்கியது போல.
ஒன்று, இரண்டு, மூன்று.
பிறகு எண்ணெய் ஏறிவிட்டது.
ஒன்றுமே நடக்காத முகத்தோடு முனகியது எஞ்சின்.

"இன்னொரு தடவை."
அணைத்தான், திருப்பினான். சுத்தமாக இருந்தது.
ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான்
அது உண்மை பேசும் போல.

"தெரியும்" என்றான் இயெஸ்டின், தரையைப் பார்த்து.
"அதனால்தான் சூடாக்கினேன்."
எண்ணூறு குறைக்கிறேன் என்றான், நான் கேட்காமலே.
கூடவே,
"மேலே அந்தக் குவாரி வளைவில், இரண்டாவது கியரில்..."
வலது கை தானாய் உயர்ந்து ஒரு ஸ்டியரிங்கை வளைத்தது.
அதை அவன் கவனிக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.
வீட்டில் கெத்தின் முகம் பார்த்தான்.
"செயின் சத்தம்" என்றேன்.
"பார்த்தாயா" என்றான், உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்தபடி,
நியாயமாக, அன்பாகத்தான்.

காலை ஆறே முக்கால். வாசலில் பனி.
என் சாம்பல் நிற டீசலில் உட்கார்ந்தேன்.
பதினொரு வருடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை.
அதன் எண்ணைக் கேட்டால்
எட்டிப் பார்த்துத்தான் சொல்வேன்.
ரேடியோவை அணைத்தேன். சாவியைத் திருப்பினேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டேன்.

எதுவும் இல்லை.
இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

கசாப்புக்கடையை ஏழு மணிக்கே திறந்துவிடுவார்கள் என்று
நேற்று எந்தப் பேச்சில் சொன்னான் அவன்?