இரண்டு முறை ஒலிக்கும்

வூப்பர்தாலில் ஒரு பின்கட்டடம்.
சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு.
வெளியே தொங்குரயில் போகும்போதெல்லாம்
ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு
எல்லோரும் கூரையைப் பார்ப்போம்.
மேல்நிலை வகுப்பு ஆங்கிலம், கேட்டல் பயிற்சி,
பகுதி மூன்று, பேசுபவர் சி.
சி என்றால் நான்.
அறுபது யூரோ, டிராம் செலவு என்னுடையது.

நான் வாடகைக்கு இருப்பவன்.
என் வீட்டு ஹீட்டர் வேலை செய்யவில்லை.
உரிமையாளருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும்.
கோபப்படக் கூடாது, கெஞ்சவும் கூடாது,
அதைத்தான் கேள்வியில் கேட்கிறார்களாம்.
"இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாக"
என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து யோர்க்.
எந்த இந்தியா என்று நான் கேட்கவில்லை.
திண்டுக்கல் பாலிடெக்னிக்கில்
செமினார் அன்று கால் நடுங்க வந்த குரல் ஒன்று இருந்தது,
அதை எடுத்துக் கொடுத்தேன்.
அருமை என்றார்.

ஓரிடத்தில் தொண்டை காய்ந்தது.
எத்தனை நாளாகக் குளிர் என்று சொல்லுமிடம்.
ஃபிப்டீனா, ஃபிப்டியா,
கடைசி அசையை எச்சிலோடு விழுங்கிவிட்டேன்.
மறுபடி சொல்லட்டுமா?
வேண்டாம், நிஜ மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள்
என்று சிவப்பு விளக்கை அணைத்தார்.

மூன்று வருஷம் கழித்து,
ஃபோவிங்கலில், நான்காம் மாடியில்,
நவம்பரின் ஒரு செவ்வாய்க்கிழமை
எண்ணெயில் கடுகு போட்ட நேரம்
பக்கத்துச் சுவர் என் குரலில் பேசியது:
ஹலோ, திஸ் இஸ் அபௌட் த ஹீட்டிங்.

கடுகு வெடித்து, ஓய்ந்து, கருகியது.
சுவருக்கு அந்தப் பக்கம் மல்வீனா,
வசந்தத்தில் பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறவள்.
பின்னே ஓட்டுகிறாள்.
மறுபடி நான் குளிரில் நிற்கிறேன்.
மறுபடி அந்த இடம், அந்த விழுங்கல்.
பதினோரு முறை எண்ணினேன்,
பன்னிரண்டாம் முறை அடுப்பை அணைத்துவிட்டு
நானும் காதைச் சுவரில் வைத்தேன்.
பதினைந்தா ஐம்பதா,
சொன்னவனுக்கே தெரியவில்லை.

அடுத்த கேள்வியை உரக்கப் படித்தாள்.
பேசுபவர் சி எப்படி உணர்கிறார்?
அ, ஏமாற்றம். ஆ, நிம்மதி. இ, அக்கறையின்மை.
நானும் யோசித்துப் பார்த்தேன்.
அன்று எனக்குப் பசி.
அது தெரிவுகளில் இல்லை.

பிறகு கூடவே பேசத் தொடங்கினாள்.
என் வாக்கியத்துக்கு அரை வினாடி பின்னால்
அவள் வாக்கியம் வந்தது,
சாவி தேடுகிறவன் பின்னால் நிற்கும் ஆள்போல.
வாட்டர், வெரி, வின்டர், எவ்ரி:
உதட்டைக் குவிக்க வேண்டியதும்
பல்லால் கடிக்க வேண்டியதும்
எனக்கு ஒரே வ.
அவளுக்கும் அப்படித்தான்.
அந்த ஒரு எழுத்தில்
நாங்கள் இருவரும் ஒரே ஊர்.

சுவரைத் தட்டிச் சொல்லியிருக்கலாம்,
அது நான்தான் என்று.
அப்புறம் பதில் கேட்பாள்.

காலையில் படிக்கட்டில் பார்த்தேன்.
குட்டன் மோர்கன் என்றேன்.
ஜெர்மனில் என் குரல் வேறு,
ஓரளவு சின்னது, தோள்பட்டையில் இறுக்கும்.
இன்றைக்கு எந்தக் குப்பைத் தொட்டி என்று கேட்டேன்.
ஒரு காதொலிப்பானைக் கழற்றினாள்.
மஞ்சள் தொட்டி,
ஏழு மணிக்கு முன்னால்,
தெருவோரம்.
என் முகத்தில் என்ன தெரிந்ததோ,
சற்றே நிறுத்தி
இன்னொரு முறை சொன்னாள்,
அதே வேகம், அதே இடைவெளி,
ஒவ்வொரு அசையும் கழுவித் துடைத்து.

முதல் முறையே புரிந்திருந்தது.
இரண்டாம் முறையையும் முழுதாகக் கேட்டேன்.
அவள் தோளில் தொங்கிய ஒற்றைக் காதொலிப்பானுக்குள்
இன்னும் யாரோ ஒருவனுக்குக்
குளிர்ந்துகொண்டிருந்தது.