பத்தா, பன்னிரண்டா

ஷார்ஜா, பத்தாவது இண்டஸ்ட்ரியல் ஏரியா.
இஷா முடிந்து கடைகள் மறுபடி ஷட்டர் தூக்கும் நேரம்.
சன்னியின் டிக்கியைத் திறந்து வைத்திருக்கிறோம்.
ஸ்டெப்னி, போன மாதத்து வெங்காயச் சருகு,
அமலதாசின் ஒற்றை ரப்பர் செருப்பு.
வண்டியில் பாதி அவன், பாதி நான்.
எந்தக் கதவு யாருடையதென்று
இன்னும் பிரித்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் சதக்கத்துல்லா, கீழக்கரை.
பெட்டிகள் இரண்டையும் தரையில் இறக்கினார்.

பன்னிரண்டு இஞ்சுக்கு முன்பக்கம் கை நுழையும் ஓட்டை.
காற்று அதன் வழியே மூச்சு விடும், சத்தம் பெருகும்.
ஸ்டிக்கரில் இரண்டாயிரம் வாட்.
"அது கல்யாணப் பத்திரிகை மாதிரி.
பட்டமெல்லாம் போட்டிருக்கும்,
ஆளு முந்நூறுதான்."

மற்றது பத்து. ஓட்டையில்லை.
நாலு பக்கமும் அடைத்து, பசை பூசி மூடியது.
ஐம்பது திர்ஹாம் கூடுதல்.

"சின்னதுக்கு எதுக்கு அதிகம்?" என்றான் அமலதாஸ்.
"சிக்னல்ல நின்னா
பக்கத்து வண்டிக்காரன் திரும்பணும், அண்ணே.
அதுக்குத்தானே வாங்குறது?"

நான் பேசவில்லை.
பைலிங் ரிக்கின் அடியில் பதினோரு வருடம் நின்றவன்.
போன நவம்பரில் கம்பெனி கிளினிக்கில்
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்திக்கொண்டே வந்தேன்.
பிறகு வெகுநேரம் சும்மா இருந்தேன்.
நர்ஸ் ஏன் என்னையே பார்க்கிறாள் என்று யோசித்தபடி.

தாளில் என் கோடு
மூவாயிரம் வரை வரப்பில் நடந்து
நாலாயிரத்தில் கிணற்றுக்குள் விழுந்திருந்தது.
இப்போதெல்லாம் ரூபாவதி போனில்
'ஆப்பிட்டீங்களா' என்கிறாள்.
'ஈக்கிரம் வாங்க' என்கிறாள்.
ஒரே ஓர் எழுத்தை யாரோ
மாதாமாதம் பிடித்தம் செய்கிறார்கள்.
அமலதாசிடம் சொன்னதில்லை.

குல்பாஸ் கம்பி முனையைப் பல்லால் உரித்து இணைத்தான்.
முதலில் பன்னிரண்டு.
ஒவ்வோர் அடிக்கும் டேஷ்போர்டு வெளிச்சம்
குனிந்து குனிந்து எழுந்தது.
கண்ணாடியில் வைத்திருந்த டீ கப் நகர்ந்து விழுந்தது.
அமலதாஸ் சிரித்தான், வாய் மட்டும் அசைந்தது.

எனக்கு அது புதிதில்லை.
பூட்ஸ் வழியே ஏறி
பல்லில் வந்து முடிகிற அதே அடி.
அடித்த பிறகும் போகாமல்
அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.
வாரத்தில் ஆறு நாள்
சம்பளத்தோடு கிடைப்பதைக்
காசு கொடுத்து டிக்கியில் ஏற்றவா?

பிறகு பத்து.
பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தேன்.
உறுமியின் தோலில் வளைந்த குச்சி இழுபட்டு
சட்டென்று எடுபட்ட மாதிரி
வந்தது,
நின்றது.
அடுத்தது வருவதற்குள்
கொஞ்சம் இடம் விட்டது.
அந்த இடத்தில் குல்பாஸ் என்னவோ கேட்டான்.
எனக்குக் கேட்டது.
"டீக், பாய்?"

"இது" என்றேன்.
கறியில்லாத பிரியாணித் தட்டைப் பார்ப்பதுபோல்
அமலதாஸ் என்னைப் பார்த்தான்.
"ஏர்போர்ட் போனா டிக்கியில பெட்டி வைக்கணுமில்ல?"
பொய்யில்லை, பாதி உண்மை.
பாதி வண்டிக்காரனுக்கு அது போதும்.

பேரம் நானூற்றில் நின்றது, கம்பி இலவசம்.

சஜ்ஜா சாலையில் லாரிகளின் சிவப்பு வரிசை.
பாட்டு போய்க்கொண்டிருந்தது,
அல்லது அதன் அடிப்பாகம்.
அமலதாஸ் காதைச் சாய்த்தான்.
"நம்பர் பிளேட் கடகடங்குது. கேக்குதா?"
"ம்" என்றேன்.

ஓரமாக நிறுத்தச் சொன்னான்.
போன் வெளிச்சத்தை வாயில் கவ்வி
அந்த ஒற்றைச் செருப்பின் குதிகாலை அறுத்து
பிளேட்டுக்குப் பின்னால் செருகினான்.
கை துடைத்து, ஏறி,
வால்யூமைக் கூட்டி,
என் முகத்தையே பார்த்தான்.

"இப்ப?"

"இப்ப பரவால்ல" என்றேன்.