இடது கை

எஸ்ஸவிராவுக்குப் போகும் சாலையில்
ஆர்கன் மரத்தின் மேல் ஆடுகள் ஏறி நிற்கும் திருப்பம் தாண்டினால்
எங்கள் கடை.
பேருந்து நின்றதும் சட்டைக் கையை மடித்துக்கொள்வேன்.
இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
இரண்டு சொட்டு.
தேய்த்துக் காட்டுவேன்: பாருங்கள், பிசுக்கே இல்லை.
முகர்வார்கள். வாங்குவார்கள். இல்லாவிட்டால்
ஆட்டைப் படம் பிடிக்கப் போய்விடுவார்கள்.

பதினோரு வருடம்.
நாளுக்கு இருபது முறை என்று வைத்தாலும்
ஒரு பீப்பாய் குடித்திருக்கும் இந்தக் கை.
வலது கைக்கு ஒன்றும் கிடையாது.
அது காசு வாங்கும், சில்லறை கொடுக்கும்.

புட்டியில் ஒட்டிய காகிதத்தில்
'ஒளி' என்று பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கிறது.
நாங்கள் கேட்கவில்லை.
இடம் காலியாக இருக்கிறதே என்று
அச்சகத்துக்காரன் இலவசமாய்ச் சேர்த்தது.

அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டித்தான் ஹனான் கேட்டாள்.
இன்னொரு கையில் கைபேசி, அதில்
லியோனில் இருக்கும் சித்தி மகளின் முகம்.
"இந்த நிறம் வேண்டும். கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கிறது."
என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.
அந்த வாரம் பேருந்துகள் வரவில்லை.
பெரிய புட்டி இரண்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.
தினமும் ராத்திரி என்றேன். அது பொய் இல்லை.
பொறுமை வேண்டும் என்றேன். அதுதான் பொய்.

முப்பதாம் நாள்
காலிப் புட்டியை மேசையில் அவள் வைத்த சத்தத்தில்
உள்ளே கொட்டை உடைத்த பெண்கள்
கல்லைக் கீழே வைத்தார்கள்.
நெற்றி முழுக்கப் பொடிப்பரு.
விளக்குக்கு ஊற்றுவதுபோல் ஊற்றியிருக்கிறாள்.
ஆனால் உதட்டோரம் குளிரில் பிளந்திருந்த கோடு ஆறியிருந்தது.
கன்னத்தில் செதில் இல்லை.
நிறம் மட்டும்
அவள் அப்பா கொடுத்தது கொடுத்தபடி.

பிரெஞ்சில் ஆரம்பித்து
தஷெல்ஹித்தில் முடித்தாள் திட்டை.

எனக்கு வாய் வரவில்லை.
இரண்டு கையையும் மடித்துவிட்டு
மேசைமேல் பக்கத்தில் பக்கமாய் நீட்டினேன்.
"எது எண்ணெய்க் கை, சொல்."

பார்த்தாள். ஜன்னலுக்கு இழுத்துப்போய்ப் பார்த்தாள்.
இரண்டும் ஒரே ரொட்டியின் மேலோடு.
கோபம் மாறாமலே
ஒரு விரலால் தடவினாள், இதில் ஒன்று, அதில் ஒன்று.
"இது" என்றாள், உடனே.

அவ்வளவுதான். கண்ணுக்குச் சிக்காது,
விரலுக்குச் சிக்கும்.
எண்ணெயில் எத்தனை வருடம் புரண்டாலும்
ஒட்டுவதுதான் ஒட்டும்.

உள்ளேயிருந்து மஹ்ஜூபா குரல் கொடுத்தாள்:
"பாதிக் காசைத் திருப்பிக் கொடு."
கொடுத்தேன், வலது கையால்.
மீதிப் பாதி ஆறிய உதட்டுக்கு.

கல்யாணம் நடந்தது.
போட்டோக்காரன் ஒரே சொடுக்கில்
நாற்பது நாள் வேலையையும் முடித்துவிட்டான்.
ஆல்பத்தைப் புரட்டிய அவள் அம்மா
"யார் வீட்டுப் பெண் இது?" என்று கேட்டாளாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் ஹனான்,
சின்னப் புட்டி வாங்க வந்த அன்று.
குதிகாலுக்காம்.

இப்போது பேருந்து நின்றால்
இரண்டு கையையும் மடித்துக்கொள்கிறேன்.
'ஒளி'மேல் விலைச்சீட்டை ஒட்டிவிட்டேன்.
விற்பனை கொஞ்சம் குறைச்சல்தான்.

போன வாரம் ஒரு டச்சுக்காரி
இடது கையைத் தொட்டாள், தலையாட்டினாள்.
பிறகு வலது கையைப் பிடித்தவள் விடவில்லை.
தன் புட்டியைத் திறந்து,
பாவம், இதற்கும் கொஞ்சம் என்றாள்.